தேருக்கு முதுகு காட்டி நின்றவர்

திருக்கொன்றைக்குடித் தேரோட்டத்தில் தென்மேற்கு மூலையில் மட்டும் ஆண்டுதோறும் நாலைந்து பேர் விழுந்து மிதிபட்டார்கள். வடம் அவர்கள் மேல் படவில்லை. சக்கரம் பத்தடிக்கு அப்பால் இருந்தது. கம்புத் தடுப்பும் உறுதியாகவே நின்றது. பிறகு ஏன் விழுகிறார்கள் என்பது ஏட்டு ஆவுடையப்பருக்கு விளங்கவில்லை.

அவர் அவ்வூர்க் காவல் நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்தார். சம்மன் கொண்டு போவது, கைதியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவது, அநாதைப் பிணத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருப்பது ஆகியவையே அவருக்கு வாய்த்த பணிகள். பூட்ஸைக் கழற்றி மாட்ட நேரம் இராததால், காலையில் தெருவிலேயே தொப்பியை எடுத்துவிட்டுக் கோபுரத்தைக் கும்பிட்டு நடப்பார். கொன்றைவன நாதரிடம் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே: இன்று என் கையால் யாருக்கும் அடி விழக் கூடாது.

பந்தோபஸ்து வேலைக்கு ஒரு முறை உண்டு. எதைக் காக்கிறோமோ அதற்கு முதுகையும், கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி நிற்க வேண்டும். கூட்டம் நெரியப் போவது முதலில் தெரிவது முகங்களில்தான். ஆகவே ஊரெல்லாம் தேர் பார்த்த இருபத்திரண்டு ஆண்டுகளும் ஆவுடையப்பர் தேரைப் பார்த்ததில்லை. நிலையத்தில் இது பெரிய வேடிக்கை. "சாமிக்கே முதுகு காட்டுத ஆளுக்குக் கைலாயத்துல யாருவே கதவு தெறப்பா?" என்று ரைட்டர் கேட்பார். ஏட்டு சிரித்துக்கொள்வார். ஒருமுறை தடியைச் சுழற்றச் சொன்னபோது சுழற்றாததற்காக மெமோ வந்தது. அதையும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு புதிய இன்ஸ்பெக்டர் ஒரு முடிவு எடுத்தார். விபத்து நடக்கும் மூலையில்தான் செக்கடிச் சந்து இருக்கிறது. தேர் வரும்போது சந்தின் வாயை அடைத்துவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தில் இருந்தவர்கள் மூட்டை தூக்குவோரும் அவர்கள் வீட்டு முதியவர்களும். முழங்கால் மடங்காத வடிவு என்ற கிழவியைப் போன்றவர்களால் கோயில் படி ஏற முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை சாமி மூலைக்கு வருவதே அவர்களுக்குத் தரிசனம்.

ஆவுடையப்பர் இன்ஸ்பெக்டர் முன் விறைத்து நின்று, ஏன் விழுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதாகவும், பிள்ளையார் தேர் போகும்வரை பொறுக்கும்படியும் கேட்டார். முதலில் வருவது அந்தச் சிறு தேர்தான். சுவாமி தேர் வர அதன்பின் ஒரு மணி நேரம் ஆகும்.

"அப்புறமும் எவனாவது விழுந்தா, மெமோவோட போகாது ஏட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரிங்கய்யா."

பிள்ளையார் தேருக்குக் கூட்டம் குறைவு. அதனால் நெரிசலில் நடப்பது அன்று நிதானமாக நடந்தது. சந்தைப் பார்த்து நின்ற ஏட்டு முகங்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். தெற்கு வீதி மேற்கே நேராக ஓடிச் செக்கடிச் சந்தாகக் குறுகுகிறது. தேரோ மூலையில் வடக்கே திரும்பிவிடும். நேரே வரும்போதுதான் சந்துக்காரர்களுக்குச் சாமியின் முகம் தெரியும். ஆனால் சந்து வாயில் தாழ்ந்த கூரையோடு ஒரு தண்ணீர்ப் பந்தல் நின்றது. பந்தலுக்கு முன்னே நின்றவர்கள் சாமியைக் கண்டு, கண்ணை மூடி, இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்கள். பின்னே நின்றவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கைகள் மட்டுமே. சாமி திரும்பிவிடப் போகிறாரே என்று ஒரே மூச்சில் முன்னே தள்ளினார்கள். கூப்பிய கை எதையும் பிடிக்காது. மூடிய கண் எதையும் பார்க்காது.

பந்தல் போட்ட எண்ணெய்க் கடைக்காரரிடம் ஏட்டு போனார். மூன்று தலைமுறையாக அங்கேதான் பந்தல் என்றார் அவர்.

"மேற்கு வீதியில கொடுத்தாலும் தண்ணி தண்ணிதான் அண்ணாச்சி" என்றார் ஏட்டு.

கடைக்காரர் தலையசைத்துவிட்டுத் தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்தார். மூட்டை தூக்குவோர் எட்டுப் பேர் மூங்கிலோடும் கூரையோடும் பந்தலைத் தூக்கிப் போய் நட்டார்கள்.

சுவாமி தேர் தெற்கு வீதியில் நுழைந்ததுமே சந்து முழுவதற்கும் தெரிந்தது. அரை மணி நேரம் எல்லாரும் ஆற அமரப் பார்த்தார்கள். தேர் மூலைக்கு வந்தபோது யாரும் தள்ளவில்லை. அப்போது முட்டுக்கட்டையில் சக்கரம் ஏறி அமர்ந்து, தேர் ஏட்டுக்கு நேர் பின்னே நின்றுவிட்டது. நெம்பியும் நகரவில்லை. இன்ஸ்பெக்டரே வந்து, ஒரு நிமிடம் திரும்பிக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னார். ஏட்டு கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முன்வரிசையில் நின்ற வடிவு மெதுவாகச் சொன்னாள்: "நீரு திரும்ப வேண்டாம் ஏட்டையா. அவரு உம்மைத்தான் பாத்துக்கிட்டு நிக்காரு."

ஆவுடையப்பருக்குக் கண் நிறைந்தது. கை மட்டும் தடுப்பை விடவில்லை. அடுத்த இழுப்பில் தேர் நெம்பாமலே நகர்ந்தது.

பார்ப்பதைவிடப் பெரிய பேறாகப் பார்க்கப்படுவதைப் பெற்ற அந்த அடியாரின் திருவடிகளுக்கு நம் வணக்கம். அன்று முதல் அவ்வூர்த் தேர் பந்தோபஸ்துத் திட்டத்தில் இந்த வரி இருக்கிறது: செக்கடிச் சந்து வாயில் பந்தல் கூடாது, தெற்கு வீதியில் தேர் வருவது சந்தின் கடைசி ஆள் வரை தெரிய வேண்டும்.