நாற்பது குதிரையும் ஒரு வலது காலும்

ராஜாக்களுக்கு யானை அலுத்துப்போய் மோட்டார் கார் மேல் மோகம் பிறந்த காலம் அது. வேங்கைக்குன்று ராஜா வீரகேசரியும் ஒரு கார் வாங்கிவிட்டார். வாங்கிய நாலாம் மாதம் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி ஊரோ மலைக்குக் கீழே, பதினெட்டு வளைவு இறங்க வேண்டும். கட்டுச்சோறு நடுப்பகலுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாட்டு வண்டியில் அனுப்பினால் மறுநாள்தான் சேரும். அதற்குள் தயிர்ச்சோறு புளித்துப் பொங்கிவிடும்.

"காரில் போகட்டும்" என்றார் ராஜா.

வந்தது வினை. ஏழு பானை சித்திரான்னம் ஏறியது. முறுக்கு, அதிரசம், வளையல் பெட்டி எல்லாம் ஏறின. அதோடு விட்டார்களா? பிள்ளை பிறந்தால் மருந்து அரைக்க வேண்டுமே என்று அம்மிக்கல் ஏறியது. அம்மி போனால் ஆட்டுக்கல் கோபித்துக்கொள்ளாதா? அதுவும் கூரை மேல் ஏறியது. பிறகு தேக்குத் தொட்டில், வெண்கல அண்டா நாலு. காரின் பின்பக்கம் தரையில் குந்தியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து, "கடவுளே!" என்றது.

டிரைவர் சவரிமுத்து கையைப் பிசைந்தான். "மகாராஜா, வண்டி தாங்காதுங்க. கூரையில இவ்வளவு பாரம் இருந்தா வளைவுல கவிழ்ந்திடும். இறக்கத்துல பிரேக்கும் பிடிக்காதுங்க."

திவான் தாண்டவராயர் குறுக்கே பாய்ந்தார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதையும் கோணலாகத்தான் தெரிந்துவைத்திருந்தார்.

"நாற்பது குதிரை சக்தி என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது! குதிரைக்கு நாலு மூட்டை என்றால் நூற்றறுபது மூட்டை இழுக்கும். இவன் ஒரு பயந்தாங்கொள்ளி!"

ராணி தன் பங்குக்கு ஒன்று போட்டாள். "ஏற்றின சீரைத் தரையில் இறக்கினால் அபசகுனம். என் பெண் வாயும் வயிறுமாக இருக்கிறாள்!"

ராஜா தீர்ப்புச் சொன்னார். "சவரிமுத்து, ஒரு சாமானும் தரையைத் தொடக் கூடாது. நடுப்பகலுக்குள் கார் அங்கே நிற்க வேண்டும். முடியாதென்றால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ!"

போனால் ஐந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. ஓட்டினால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பனே இல்லை. சவரிமுத்து சட்டைக்குள் இருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டான்.

அப்போது முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள் குழலம்மாள். அரண்மனை உக்கிராணம், அதாவது சாமான் அறை, அவள் பொறுப்பு. அவள் நாக்கு ராஜசபையிலும் பிரசித்தம்.

"திவான் ஐயா கணக்கு பிரமாதம்!"

"பார்த்தாயா!" என்று மீசையைத் தடவினார் திவான்.

"நாற்பது குதிரைக்கு எத்தனை கால், ஐயா?"

"நூற்றறுபது."

"காருக்கு?"

"நாலு சக்கரம்."

"நூற்றறுபது காலில் நிற்க வேண்டிய பாரம் நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. போகட்டும். இழுக்க நாற்பது குதிரை இருக்கிறது. நிறுத்த?"

"அதற்குத்தானே டிரைவர்!"

"எதை வைத்து நிறுத்துவான்?"

"காலால் மிதிப்பான்."

"எத்தனை காலால்?"

திவான் குனிந்து சவரிமுத்துவின் காலடியைப் பார்த்தார். "ஒன்றால்தான். வலது காலால்."

"அப்படியானால் ஒரு சோதனை, மகாராஜா. இதே பாரத்தோடு ஒரு மாட்டு வண்டியை வாசல் சரிவில் உருட்டிவிடுவோம். மாடு வேண்டாம். கீழே திவான் ஐயா நின்று வலது காலை நீட்டட்டும். அவர் நிறுத்திவிட்டால் சவரிமுத்து வாயைத் திறக்காமல் கிளம்புவான்."

"அடிப்பாவி! என் கால் முறிந்துவிடாதா?"

"ஓ! உங்கள் கால் கால், அவன் கால் கட்டையா?"

திவான் இரண்டு காலையும் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். ராஜா மீசைக்குள் சிரித்தார். "சரி, பாரம் அதிகம்தான். ஆனால் சீரை இறக்கக் கூடாதே?"

"தரையில்தானே கூடாது? இரண்டு மாட்டு வண்டியைக் காரோடு ஒட்டி நிறுத்துங்கள். கூரையில் இருப்பதெல்லாம் அப்படியே வண்டிக்கு மாறட்டும். அம்மிக்கல் ஊசிப்போகாது. நாளைக்கு நிதானமாகப் போகும்."

ராணி யோசித்துப் பார்த்தாள். சாஸ்திரப்படி குறை எதுவும் கிடைக்கவில்லை. கூரை காலியானது. ராஜா ஜம்மென்று முன் சீட்டில் ஏறினார். கார் 'ஹம்ம்' என்று முனகியது.

"குழலம்மா, இப்போது சரிதானே?"

அவள் கதவோரத் தகட்டைக் காட்டினாள். "ஆளும் சாமானுமாக முப்பத்தைந்து மணங்குதான் ஏறலாம் என்று போட்டிருக்கிறது. இன்னும் ஒன்பது அதிகம், மகாராஜா." ஒரு மணங்கு நம் கணக்கில் பதினோரு கிலோவுக்கு மேல்.

"அதிரசத்தை மாற்று!"

"அது ஒரு மணங்குகூட இல்லை."

"முறுக்கு?"

"அது அதைவிடக் குறைவு."

"பின்னே, ஒன்பது மணங்குக்கு இதில் என்னதான் இருக்கிறது?"

சவரிமுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தான். திவான் ஆகாயத்தில் பருந்து தேடினார். ராணி வளையலை எண்ணினாள்.

"போன மாதம் கோயிலில் மகாராஜாவுக்குத் துலாபாரம் கொடுத்தோமே" என்றாள் குழலம்மாள். "எதிர்த்தட்டில் வைத்த வெல்லம் என் உக்கிராணத்து வெல்லம். சரியாக ஒன்பது மணங்கு."

ராஜா குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார்.

"பெண்ணைப் பெற்றவன் வளைகாப்புக்குப் போக வேண்டாமா?" என்று உறுமினார் ராஜா.

"வளையல் அடுக்குவது பெண்கள். பாட்டுப் பாடுவதும் பெண்கள். மகாராஜாவுக்கு அங்கே பந்தியில் உட்காருவதைத் தவிர வேறென்ன வேலை?"

முதலில் ராணி களுக்கென்றாள். அப்புறம் ராஜா சிரித்தார் பாருங்கள், காரே குலுங்கியது! சிரித்துக்கொண்டே இறங்கினார். கார் நாலு விரல் உயர்ந்து நிமிர்ந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குழலம்மாள் கையில் போட்டார். பிறகு சவரிமுத்துவின் தோளில் ஓங்கித் தட்டி, ஊருக்கே கேட்கும்படி உத்தரவு போட்டார்:

"ராஜாவையே இறக்கிவிட்ட கார் இது! இனிமேல் சவரிமுத்து ஏறச் சொன்னால்தான் எவனும் ஏறலாம்!"