ஏரிக்குள் நானூறு வாசல்கள்

கோடையில் ஏரி வற்றிப்போகும் ஒரு காட்டில், விலங்குகள் எதையும் கல் போட்டுத்தான் முடிவு செய்தன. ஓர் உயிருக்கு ஒரு கல். யாருக்கெல்லாம் கல் உண்டு என்பதை ஏரிக்கரை மருதமரம் சொல்லும். அந்த மரத்தில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு துளை இருந்தது. பிறந்தால் துளை போடுவதும், இறந்தால் பிசின் வைத்து அடைப்பதும் மரங்கொத்தியின் வேலை.

மரங்கொத்தி கறாரானது. அது போட்ட துளைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை.

ஆனாலும் போன வருடம் ஒரு தவறு நடந்துவிட்டது. செத்துப்போன ஐந்து முயல்களின் துளைகள் அடைபடாமல் இருந்தன. ஒரு குரங்கு அந்த ஐந்து கற்களையும் தானே போட்டுவிட்டது. செய்தி தெரிந்ததும் யானை காட்டைக் கூட்டி ஒரு சட்டம் செய்தது.

"கல் போடும் நாளுக்கு முன்னால் மரங்கொத்தி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூன்று முறை தட்ட வேண்டும். பதில் வராத வீட்டின் துளையை அடைத்துவிட வேண்டும்."

நல்ல சட்டம்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கோடையில் பன்றிகள் ஒரு கோரிக்கை வைத்தன. காய்ந்த ஏரி முழுவதையும் தோண்டிக் கோரைக்கிழங்கு எடுக்க வேண்டுமாம். கல் போட நாள் குறித்தார்கள். தோண்டும்போது கிடைக்கும் நண்டுகள் எல்லாம் உனக்கே என்று பன்றிகள் நரியிடம் சொல்லியிருந்தன.

நரி மரத்தடிக்கு வந்தது.

"அண்ணே, தெற்குப் பக்கம் நானூறு துளை இருக்கிறதே, அதெல்லாம் யாருடையது?"

"தவளைகளுடையது."

"கடைசியாக எப்போது ஒரு தவளையைப் பார்த்தீர்கள்?"

மரங்கொத்தி யோசித்தது. ஏரி வற்றிய பிறகு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

அது ஏரிக்குப் பறந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் இறங்கித் தட்டியது. டொக், டொக், டொக்.

தவளை எதுவும் வரவில்லை. பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டுதான் எட்டிப் பார்த்தது.

"யாரது, என் கூரையை உடைப்பது?"

"தவளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வந்தேன்."

"இருக்கிறார்கள். கீழே தூங்குகிறார்கள். மழை வந்தால் எழுந்துவிடுவார்கள்."

"நீ சொன்னால் ஆயிற்றா? அவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்! சட்டம் அப்படி."

"தூங்குகிறவர்கள் தலைக்குமேல் பன்றிகள் தோண்டினால் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள். அதை எந்தச் சட்டத்தில் எழுதுவாய்?"

மரங்கொத்தி பறந்துவிட்டது. மாலைக்குள் நானூறு துளைகளும் அடைபட்டன. அன்று முழுவதும் அதன் அலகில் பிசின் ஒட்டிக்கொண்டே இருந்தது.

கல் போடும் நாள் வந்தது. யானை முதல் பெயரைக் கூப்பிடும் முன்பே நண்டு ஒரு பாறைமேல் ஏறிக் கொடுக்கை உயர்த்தியது.

"யானை ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஏரியில் மரங்கொத்தி எத்தனை வாசலில் தட்டியது?"

எல்லோரும் மரங்கொத்தியைப் பார்த்தார்கள். நானூறு என்று அது சொல்லியிருக்கலாம். பார்த்தது நண்டு மட்டும்தான்.

"ஒரே ஒரு இடத்தில்," என்றது மரங்கொத்தி. "வெயில் கடுமையாக இருந்தது. நானூறு பேருக்கும் ஒரே இடத்தில் தட்டிவிட்டு வந்துவிட்டேன்."

நரி சிரித்தது. "இவ்வளவுதானே? போய் எல்லா வாசலிலும் தட்டட்டும். ஆயிரத்து இருநூறு தட்டு! சூரியன் சாய்வதற்குள் முடித்துவிடுங்கள், அண்ணே."

பன்றிகள் உருண்டு உருண்டு சிரித்தன.

மரங்கொத்தி தன் இனத்தாரைக் கூவி அழைத்தது. காட்டின் எல்லாப் பக்கமிருந்தும் நாற்பது மரங்கொத்திகள் வந்து இறங்கின. நண்டு பக்கவாட்டில் ஓடி ஓடிக் கொடுக்கால் மண்ணில் கீறியது. "இங்கே ஒருத்தர். இங்கே ஒருத்தர். இதோ, இங்கே இரண்டு பேர்."

டொக், டொக், டொக்.

ஒரு பறவை தட்டினால் அது வெறும் தட்டல். நாற்பது பறவைகள் ஏரி முழுவதும் தட்டியபோது அது வேறு எதுவோ ஆனது. மான்கள் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தன. மயில் தோகையை விரித்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

அப்போது ஒரு மண்கட்டி அசைந்தது.

அதன் அடியிலிருந்து ஒரு கண் திறந்தது. பொன்னிறக் கண். அதற்கு அப்பால் இன்னொன்று. பிறகு பத்து, பிறகு நூறு. செத்த தரை என்று எல்லோரும் மிதித்து நடந்த ஏரி, கரைக்குக் கரை கண் விழித்துப் பார்த்தது. யானை தன் தும்பிக்கையை மெல்லத் தரையில் வைத்தது.

"நேற்றுகூட இங்கேதான் படுத்துப் புரண்டேன்," என்று முணுமுணுத்தது பன்றித் தலைவன். அது ஒவ்வொரு காலாகப் பார்த்து எடுத்து வைத்துப் பின்னால் போனது.

மெலிந்த ஒரு தவளை, முதுகில் மண்ணோடு, மரங்கொத்தியைப் பார்த்துக் கேட்டது: "மழையா?"

"இல்லை, நான்தான். நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்க வந்தேன்."

"இருக்கிறோம்," என்றது தவளை.

நரியைத் தேடினார்கள். அது எப்போதோ நழுவிவிட்டது.

மூன்று வாசல்கள் மட்டும் திறக்கவில்லை. மரங்கொத்தி அவற்றில் மறுபடியும் தட்டியது. தரையில் தலையை வைத்து நெடுநேரம் கேட்டது. பிறகு மருதமரத்துக்குப் போய், அலகு வலிக்க வலிக்க, முந்நூற்றுத் தொண்ணூற்றேழு துளைகளின் பிசினைப் பெயர்த்தது. அந்த மூன்றை அப்படியே விட்டது.

தவளைகள் தங்கள் கற்களைப் போட்டன. ஏரியைத் தோண்டக் கூடாது என்று முடிவானது. யானை மலைச்சுனையிலிருந்து தும்பிக்கை நிறைய நீர் கொண்டுவந்து தரையை நனைக்க, அவை திரும்ப உள்ளே போய்த் தூங்கின.

ஏரி பழையபடி காய்ந்த தரையாகக் கிடந்தது. ஆனால் அந்தக் கோடை முழுவதும் யானைகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தது.

நீதி: ஒருவரை இல்லை என்று எழுதும் முன், அவருடைய வாசலில் போய்க் கேள்.