ராஜாவின் பெயரில் ஒரு களை

மாதம் மும்மாரி பெய்த ஒரு காலத்தில், செங்கழனி நாட்டைப் பூபாலசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். புகழ்ச்சி என்றால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

அவனுடைய தோட்ட அதிகாரி அலங்காரராயர், கப்பல் வியாபாரி ஒருவன் கொடுத்த ஊதாப்பூச் செடியை ஏரியில் விட்டு, "பூபாலத் தாமரை" என்று ராஜா பெயரையே சூட்டினார். "பறித்தால் ஆறு மாதம் சிறை" என்று சட்டமும் போடவைத்தார். ஒரே வருஷத்தில் செடி ஏரியை மூடிவிட்டது. வலை இறங்கவில்லை, மீன் செத்து மிதந்தது, நாற்பது மீனவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ராயரோ, "ஏரி பச்சைப்பசேலென்று செழிக்கிறது" என்று சபையில் அளந்தார். பச்சையாக இருந்தது என்னவோ நிஜம்தான், பாவி மனுஷன்!

மீனவப் பெண் முத்திருளாயி சபைக்கு வந்தாள்.

"மகராசா, அது தாமரை இல்லீங்க. தாமரை சேத்துல வேர் விடும். இது மெதக்குது. தண்டு வெங்காயமாட்டம் வீங்கியிருக்கு. ஏரியைத் தின்னுற களைங்க!"

ராயர் சிரித்தார். "சபை வழக்கம் தெரியாதா? எதைப் பற்றிப் புகாரோ, அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். செடி எங்கே?"

"பறிச்சா செறையில போடுவீங்களே?"

"போடுவோம்."

"அப்ப எப்படிங்க புகார் சொல்றது?"

"அதனால்தான் என் நாட்டில் புகாரே இல்லை!" என்று ராஜா பெருமையாக மீசையை முறுக்கினான்.

முத்திருளாயி விடவில்லை. கைகூப்பினாள். "சரிங்க, புகார் இல்ல. ஒரு வருத்தந்தான். மகராசா பேரு வச்ச பூ, மகராசா நீந்துற குளத்துல ஒண்ணுகூட இல்லியே!"

"அட, ஆமாம்! ராயரே, இன்றைக்கே பத்துச் செடி விடும்!"

ராயருக்கு வியர்த்தது. "அங்கே வேண்டாமே, மகாராஜா..."

"ஏன், என் பெயர் என் குளத்துக்கு ஆகாதா?"

ராயர் போய்ச் செடிகளை விட்டார்.

மூன்று மாதம் வெளிநாடு சுற்றித் திரும்பிய ராஜா, ஆசையாகக் குளத்தில் குதித்தான். வேரும் தண்டும் காலைச் சுற்றிக்கொண்டன. "ஐயோ, பறித்துப் போடுங்கள்!" என்று அலறினான்.

"பறித்தால் ஆறு மாதம் சிறை, மகாராஜா" என்று காவலர்கள் கைகட்டி நின்றார்கள்.

"சட்டம் ரத்து!" என்றான் ராஜா, தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

கரையேறியதும் முத்திருளாயியை அழைத்தான். "நீ சொன்னதுதான் சரி. என்ன வேண்டும், கேள்."

"புகார் வந்தா பொருளைக் கேக்காதீங்க, மகராசா. நீங்க எறங்கி வந்து பாருங்க. அது போதும்."

ராஜா வெட்கப்பட்டான். அவளையே ஏரிக்குக் காவலாக்கி, களை பறிக்க மீனவர்களோடு ராயரையும் ஏரியில் இறக்கினான்.

இருபதாம் நாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று ராயர் கெஞ்சினார். "இன்னும் ஒரே ஒரு செடிதான் அம்மா, இருந்துவிட்டுப் போகட்டுமே?"

"நாப்பது அடுப்பை அணைக்க அந்த ஒண்ணு போதும், ராயரே. குனிஞ்சு எடுங்க!"