தீர்சாவின் விதைக்குழி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. நடந்திருக்காது என்பதால் அல்ல. அதில் ஏதோ ஒன்று எனக்கு ஒவ்வவில்லை. சொன்னவர் ஞானசிகாமணி போதகர்; இறையியல் கல்லூரியில் எங்களுக்கு எபிரேயம் கற்பித்தவர்.

வேதத்தில் ஒரே ஒரு வசனத்தில் வரும் சொல் ‘மம்மெகுரோத்’. தானியம் சேர்த்துவைக்கும் இடம். கட்டிய அறையா, தோண்டிய குழியா என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

யூதேயாவில் குரு அசரியாவின் சீடன் பாருக் அந்தச் சொல்லிலேயே கிடந்தான். ஊரில் பஞ்சம். தீர்சா என்ற விதவை பசியிலும் தொடாத விதைக் கோதுமையைக் குழியில் கொட்டி, வாயைக் களிமண்ணால் பூசியிருந்தாள். முன்மாரி பெய்து, உழுது முடித்த பிறகுதான் அந்தப் பூச்சை உடைப்பார்கள்.

அவளைக் கேட்காமலே பாருக் உடைத்தான். உள்ளே இறங்கிப் பார்த்தான். ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மழை. தீர்சா உழுதுவிட்டுக் குழிக்குப் போனபோது தண்ணீர் இறங்கி, கோதுமை முளைத்து அழுகி நாறியது.

ஒரு கூடை அள்ளிவந்து அசரியாவின் முன் கொட்டினாள்.

“உங்கள் ஆள் செய்த வேலை, ரபீ. இனி என் பிள்ளைகளையா விதைப்பேன்?”

குரு பாருக்கைப் பார்த்தார். “குழியில் உனக்கு என்ன வேலை?”

“அது இடிந்துபோனது என்கிறது வசனம், ரபீ. குழி இடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.”

“இடியுமா?”

“இடியும். ஓரமெல்லாம் சரிகிறது. குழிதான். எனக்கு இனிச் சந்தேகமில்லை.”

தீர்சா சிரித்தாள். “கேட்டீர்களா? சந்தேகமில்லையாம்.”

“களிமண்ணை ஏன் திரும்பப் பூசவில்லை?” என்றார் குரு.

“மறந்துவிட்டேன், ரபீ.”

குரு அழுகிய கோதுமையில் ஒரு பிடி எடுத்து அவன் கையில் வைத்தார்.

“தின்.”

பாருக் மென்றான். “இது என்ன தண்டனை, ரபீ?”

“தண்டனையா? நீ தேடிய பொருள். விழுங்கு.”



போதகர் எப்போதும் இங்கே நிறுத்துவார். வகுப்பே தலையாட்டும். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நல்ல பதில்தானே, உனக்கு ஏன் எரிகிறது என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். அதே கதையைச் சொன்னார். “விழுங்கு” என்று முடித்துவிட்டு, நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார்.

“குரு சொல்லிவிட்டார். சீடனுக்கும் உறைத்துவிட்டது. சரி,” என்றேன். “அந்த வருடம் தீர்சா எதை விதைத்தாள், ஐயா?”