முள்ளம்பன்றி உதிர்த்த முள்

சலசலவென்று ஒரு சத்தம். காய்ந்த ஓலையை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல, கிழங்குக் கொல்லைக்குள்ளிருந்து வந்தது. வெள்ளச்சி தோண்டுகோலை இடக்கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வலக்கை தோளுக்கு மேலே எழும்பாமல் இரண்டு மாதமாகிறது.

மிருகங்கள் நம்மோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் நடந்தது இது. அப்போதெல்லாம் முள்ளம்பன்றியின் முட்கள் எலும்போடு எலும்பாக ஊன்றியிருந்தன. உயிர் போனாலும் ஒரு முள் உதிராது.

விடியல் மங்கலில் முள்ளம்பன்றி ஒன்று சாவகாசமாக வள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மழைக்கு முன்னால தோண்டாட்டி அத்தனையும் அழுகிப்போகும். இதுல நீ வேற பங்குக்கு வர்றியா?"

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு நீ எப்பத் தோண்டி முடிக்கிறது? அழுகப்போறதைத்தானே தின்னேன்."

கோலை ஓங்கினாள். ஈரமண் வழுக்கியது. முள்ளம்பன்றியின் மேலேயே விழுந்தாள். ஒரு முள் கெண்டைக்கால் ஓரத்தில் இறங்கியது. அலறியபடி அதைத் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் கவனித்தாள், தள்ளியது வலக்கை. தூக்கிப் பார்த்தாள். தலைக்கு மேலே போனது.

"கால்ல குத்தினா தோள் எப்படித் திறக்கும்?"

"வயல் காஞ்சா வயலையா வெட்டுவே? வாய்க்கால் எங்க அடைச்சிருக்குன்னு பாக்க மாட்டே? உடம்புலயும் வாய்க்கால் ஓடுது. அடைச்ச இடம் ஒண்ணு, காயுற இடம் ஒண்ணு. மணிக்கட்டுல மூணு விரலை வச்சுப் பேசாம இரு. அதுவே சொல்லும்."

வெள்ளச்சியின் புருஷன் கோப்பன் தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவன். வலது முழங்கால் மடங்கியது மடங்கியபடி குடிசையில் கிடக்கிறான். அவனுக்காக ஒரு முள் கேட்டாள்.

முள்ளம்பன்றி தன் முட்களைத் திரும்பிப் பார்த்தது. "ஒரு முள் போனா சிறுத்தைக்கு ஒரு வாசல் திறந்த மாதிரி."

"கடைசி வரிசைக் கிழங்கைத் தொடமாட்டேன். அது உனக்கு."

அது தன் விலாவிலிருந்து ஒரு முள்ளைப் பல்லால் கடித்துப் பிடுங்கியது. வேரில் ரத்தம் இருந்தது. "முதல்ல விரல். அப்புறந்தான் முள்," என்றது.

மணிக்கட்டைத் தொட்டதுமே கோப்பன் சிரித்தான். "ஏ புள்ள, கையைப் பிடிச்சு மறுபடியும் கல்யாணமா பண்ணப்போறே? வலி முழங்கால்ல. அங்க குத்து."

வலி உள்ளவனுக்குப் பொறுமை ஏது. வெள்ளச்சியும் விரலை எடுத்துவிட்டாள். வலித்த இடத்திலேயே குத்தினாள்.

முள் முறிந்தது. அந்தியில் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சலில், கேலி பேசிய வாய் மூடிக்கொண்டது. தண்ணீரும் உள்ளே இறங்கவில்லை.

வளைக்கு ஓடினாள். முள்ளம்பன்றி வெளியே படுத்திருந்தது. விலாவில், முள் போன இடத்தில், சிறுத்தை நகம் இறங்கிய தடம். வெள்ளச்சி அதன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மணிக்கட்டு சொல்றதைக் கேக்காம குத்திட்டேன், முள்ளாத்தா," என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் திரும்பினாள்.

"நில்லு."

அது எழுந்து, உடம்பு முழுவதையும் ஒரே ஒரு முறை உலுக்கியது. எலும்பில் ஊன்றிய முட்களெல்லாம் வேர் தளர்ந்தன. சில மண்ணில் விழுந்தன. "இனிமே பிடுங்க வேண்டாம். தானா உதிரும். பொறுக்குறவங்க பொறுக்கட்டும். ஆனா முதல்ல விரல்."

வெள்ளச்சி ஒரு முள்ளைப் பொறுக்கிக்கொண்டு குடிசைக்கு ஓடினாள். புருஷனின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து உட்கார்ந்தாள். வெயில் வாசலைத் தாண்டும்வரை உட்கார்ந்தாள். கல்லில் மோதும் தண்ணீர்போல விரலடியில் ஒன்று தட்டியது. அது இழுத்த வழியே அவள் கை போய் அவனுடைய இடது முழங்கை மடிப்பில் நின்றது. அங்கே குத்தினாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. நாலாம் நாள் எழுந்து நின்றான். ஆனால் நொண்டல் கடைசிவரை அவனை விட்டுப் போகவில்லை.

முள்ளம்பன்றி நடந்த தடத்தில் முள் உதிர்ந்து கிடப்பதும், ஊசி வைத்தியர்கள் நாம் வலியைக் காட்டக் காட்ட, மணிக்கட்டைப் பிடித்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து, பிறகு எங்கோ தள்ளி ஊசி வைப்பதும் அன்று முதல்தான்.

மழைக்கு இன்னும் சில நாள் இருந்தது. வெள்ளச்சி கோலை வலக்கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கடைசி வரிசையைச் சுற்றிக் கடந்து, விட்ட இடத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தாள்.