பேர் எழுதின மூட்டை

ஒரு ஊர்ல ஒரு குளம் இருந்துச்சு. அதுக்குக் கீழ இன்னொரு ஊரு, அங்கயும் ஒரு குளம். மேல இருக்கறது ஆவாரங்குளம், கீழ இருக்கறது நாணல்குளம். மேல குளம் நெறஞ்சு தளும்பினாதான் மிச்சத் தண்ணி மறுகால் வழியா வழிஞ்சு, ஓடையில விழுந்து, சளசளன்னு ஓடி, கீழ குளத்துக்குப் போவும். கேக்குதியா?

"ம்."

ஆனா ரொம்ப வருசமா மேல குளம் நெறையவே இல்ல. மழை பெய்யாம இல்லப்பா. தண்ணி வர்ற வாய்க்கால் பூரா குப்பை. பாலிதீன் பை, தண்ணி பாட்டில், கல்யாண வீட்டுல தூக்கிப் போட்ட கப்பு, ஒத்தைச் செருப்பு. மழைத்தண்ணி வந்து அதுல முட்டி முட்டிப் பாக்கும். வழி இல்லேன்னதும் வேற பக்கம் திரும்பிப் போயிரும். மேல குளமே காஞ்சு கெடந்தா கீழ குளத்துக்கு எங்க இருந்து போவும்?

ஆவாரங்குளத்துல பிரம்மசக்தின்னு ஒரு பொண்ணு. காலேஜு முடிச்சவ, துறுதுறுன்னு இருப்பா, எல்லாரும் சக்தின்னு கூப்பிடுவாங்க. அந்த ஊரு 'விடிவெள்ளி' இளைஞர் மன்றத்துக்கு அவதான் தலைவி. அவளோட அக்கா முப்பிடாதியை நாணல்குளத்துல கட்டிக் குடுத்திருந்தாங்க. அங்க அவளுக்கு வாச்ச மாமியா இருக்காளே, கஞ்சி குடிக்கும்போதுகூட அவ வாய் சும்மா இருக்காது. "ஒங்க ஊர்க்காரவ தண்ணியெல்லாம் அங்கயே வச்சுக்கிட்டு, ஒன்னைய மட்டும் இங்க அனுப்பி வச்சிருக்காவ"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா.

முப்பிடாதி ஒருநாள் தங்கச்சிகிட்ட போன்ல அழுதுட்டா. சக்திக்கு மனசு கேக்கல. "அழாதக்கா. இந்த வருசம் ஒங்க ஊருக்குத் தண்ணி வரும். நான் வர வைக்கேன்"னுட்டா.

அப்புறம் மன்றத்துப் பசங்க, பொண்ணுங்க எல்லாரையும் திரட்டினா. மம்பட்டி, கூடை, உரச்சாக்கு. சரக்கு சரக்குன்னு வெட்டுறதும், டப்பு டப்புன்னு அள்ளிப் போடுறதும்! வாய்க்கால் தொறந்துச்சு, குளமும் சுத்தமாச்சு. கட்டின மூட்டை கரையில மலை மாதிரி குவிஞ்சுது. அப்போ சக்தி ஒரு வேலை பண்ணா. அட்டையில எழுத்தை வெட்டி, மூட்டை மேல வச்சு, செவப்பு பெயின்டைத் தடவிட்டா. ஒவ்வொரு மூட்டையிலயும் பெருசா 'விடிவெள்ளி'!

அவ கூட்டாளி குத்தாலிங்கம் சிரிச்சான். "ஏட்டி, குப்பைக்கு எதுக்குப் பேரு வைக்க?"

"செஞ்சது யாருன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமால?"

சாயங்காலம் மரக்கன்னு நட பெரிய மனுசங்க வர்றாங்க, போட்டோ புடிக்க ஆளு வருது. குப்பை ஏத்த வரேன்னு சொன்ன டிராக்டர் மட்டும் வரல. டயரு பஞ்சராம். போட்டோவுல குப்பை மூட்டை தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? சக்தி சுத்திப் பாத்தா. மறுகாலுக்கு அந்தப் பக்கம் முள்ளு உடைமரம் மூடின காஞ்ச ஓடை. ரோட்டுல இருந்து பாத்தா தெரியாது.

"அதுக்குள்ள தள்ளுங்க."

குத்தாலிங்கம் தயங்கினான். "இது தண்ணி ஓடுற ஓடையில்லா?"

"எந்தக் காலத்துல ஓடுச்சு? நீ பாத்திருக்கியா? நாளைக்கு டிராக்டர் வந்ததும் எடுத்துக்கிடுவோம்."

தொப்பு. தொப்பு. தொப்பு. ஒவ்வொரு மூட்டையும் விழும்போது சக்திக்கு உள்ளங்கால்ல முள்ளு தச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா போட்டோக்காரர் "சிரிங்கம்மா"ன்னார். சிரிச்சுட்டா. மனசு குத்தினது இது மொதத் தடவை.

"ம்."

அப்புறம் பாராட்டு, பள்ளிக்கூடத்துல பேச்சு, மாலை, மரியாதைன்னு நாள் ஓடுச்சு. மேக்கால மேகம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. குத்தாலிங்கம் வந்தான். "ஏட்டி, அந்த மூட்டை..."

"தெரியும்ல. நாளைக்குப் பாப்போம். இன்னிக்கு ஒரு கூட்டத்துல பேசணும்."

இது ரெண்டாவது தடவை. மழைக்கு இவ பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கத் தெரியுமா? சோன்னு புடிச்சுக்கிச்சு. சோ... சோ... தொறந்த வாய்க்கால்ல தண்ணி துள்ளிக் குதிச்சு ஓடுச்சு. குளம் நெறைய நெறைய ஊரே கரையில நின்னு பாத்துச்சு. தண்ணிக்குத் தெரிஞ்ச வழியை இவளே தொறந்து விட்டிருக்காளே!

முப்பிடாதி போன்ல கத்துனா. "சக்தி! நாளைக்கு மறுகால் பாயுமாம்! எங்க ஊரே தண்ணிய வரவேற்கப் போவுது. மொத மாலை ஒனக்குத்தானாம். யாரு சொன்னா தெரியுமா? எங்க அத்தை!"

அக்கா குரல்ல அப்படி ஒரு சிரிப்பைச் சக்தி கேட்டே வருசமாச்சு. அந்தச் சிரிப்புல மூட்டையெல்லாம் மறந்து போச்சு.

மறுநாள் காலையில நாணல்குளத்துக் கரையில கூட்டமான கூட்டம். மேளம் டும் டும்ங்குது. முப்பிடாதி பட்டுச்சேலை கட்டி, மஞ்சள், குங்குமம், பூ, சூடம் வச்ச தட்டோட முன்னால நிக்கா. மாமியாக்காரி தன் கையால சக்திக்கு மாலை போட்டா. "நீ நல்லா இருக்கணும் தாயி"ன்னா. முப்பிடாதி முகத்தைப் பாக்கணுமே! அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இப்பத்தான் தலை நிமிந்து நிக்கா.

"தண்ணி வருது! தண்ணி வருது!"

தூரத்துல சரசரன்னு சத்தம். காஞ்ச ஓடையில செம்மண்ணு நெறத்துல, சருகைத் தள்ளிக்கிட்டு, நொரை கக்கிக்கிட்டுத் தண்ணி தவழ்ந்து வருது. முப்பிடாதி சூடத்தை ஏத்தினா. பொம்பளைங்க குலவை போட வாயைத் தொறந்தாங்க.

தண்ணிச் சத்தம் காதுல விழுந்ததும்தான் சக்திக்கு மூட்டை ஞாபகம் வந்துச்சு.

மூட்டைக்குள்ள பூரா காலி பாட்டிலு. முங்குமா? ஒண்ணு ஆடி அசைஞ்சு மிதந்து வந்து, படித்துறையில இடிச்சு நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு, வாயி பிஞ்சு, உள்ள இருந்ததெல்லாம் சிதறிக்கிட்டு. அதுக்குப் பின்னால, மேஞ்சுட்டு வீடு திரும்புற மாடு மாதிரி, வரிசையா வருது! குலவை தொண்டையிலயே நின்னு போச்சு. மேளமும் நின்னு போச்சு. ஒரு சின்னப் புள்ள மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்குது.

"வி... டி... வெள்... ளி."

எல்லாரும் திரும்பி மாலையோட நிக்கற சக்தியைப் பாத்தாங்க. மாமியாக்காரி மெதுவா கேட்டா. "தண்ணியத்தான தாயி கேட்டோம்? ஒங்க குப்பையுமா கேட்டோம்?"

அவ கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

முப்பிடாதி முன்னால வந்தா. "இல்ல அத்தை, எவனோ வேணும்னே ஓடையில தள்ளிவிட்டிருப்பான். எந்தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. அப்படித்தான சக்தி? சொல்லு."

இதுதான் மூணாவது தடவை. "ஆமா"ன்னு ஒரு வார்த்தை. அக்காவே எடுத்துக் குடுத்துட்டா. அக்கா தலையும் நிமிந்தே இருக்கும். தண்ணியில மூட்டை படியை இடிக்குது, டொக்கு... டொக்கு...

"நான்தாங்க்கா தள்ளச் சொன்னேன்."

முப்பிடாதியோட தட்டுல எரிஞ்ச சூடம் அணைஞ்சு போச்சு. அவ அதையே பாத்துக்கிட்டு நின்னா.

சக்தி மாலையைக் கழட்டிப் படியில வச்சுட்டு, கட்டின சேலையோட தண்ணிக்குள்ள எறங்கிட்டா. ஒவ்வொரு மூட்டையா இழுத்துக் கரையேத்துனா. அப்புறம் குத்தாலிங்கமும் மன்றத்து ஆளுங்களும் ஓடி வந்து எறங்கினாங்க. குப்பை ஏத்த வர்ற டிராக்டர் ஊருக்கு அந்தப் பக்கம்தான் நிக்க முடியும். நாணல்குளத்துத் தெரு வழியாத்தான் எல்லாத்தையும் சுமந்துட்டுப் போவணும். குத்தாலிங்கம் காதுக்குள்ள சொன்னான். "ஏட்டி, சாக்கை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி பொரட்டிருவோம். பேரு தெரியாது."

"வேண்டாம்ல. தெரியட்டும்."

தெரு நெடுக வாசலுக்கு வாசல் ஆளு நிக்குது. புள்ளைங்க பின்னாலேயே வந்து படிக்குது. "வி-டி-வெள்-ளி! வி-டி-வெள்-ளி!" ஒவ்வொரு தடவையும் சக்திக்கு மொகம் கன்னிப் போவும். குனிஞ்சுக்கிட்டே நடந்தா. திரும்பத் திரும்ப வந்து தூக்கினா. கடைசி மூட்டை நனைஞ்சு கனத்துப் போச்சு. தனியாத் தூக்க முடியல. அப்போ யாரோ இன்னொரு முனையைப் புடிச்சாங்க. பட்டுச்சேலை, கையில மஞ்சள். அவ சக்தி முகத்தைப் பாக்கல. பேசவும் இல்ல. ஆனா மூட்டையை விடவும் இல்ல.

"குல... வை போட்டாங்களா?"

இல்லப்பா. அன்னிக்கு யாரும் போடல. தண்ணி சத்தம் காட்டாம குளத்துக்குள்ள வந்து, மெல்லப் பரவி, அப்படியே படுத்துக்கிச்சு.

தண்ணி படுத்துருச்சு. கதையும் கரையேறிருச்சு. நீயும் கண்ணை மூடு.

...

ம்னு சொல்ல ஆளக் காணோம்.