குழந்தைவேலு சாப்ட்வேர் வாங்கிய கதை

"டீச்சர், கணக்கு எழுத எந்த சாப்ட்வேருங்க நல்லது?"

குழந்தைவேலு இப்படிக் கேட்டபோது மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜமீலா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஈரோட்டில் சூரம்பட்டிப் பக்கம், ஒரு மருந்துக்கடை மாடியில் அவர் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதச் சொல்லித் தருகிறார். குழந்தைவேலுவைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

கையில் ஒரு துணிப்பை. பை நிறைய விளம்பரத் தாள்கள்.

"இவங்க எங்களுதுதான் நல்லதுங்கறாங்க. அவங்களும் அதையேதான் சொல்றாங்க. எனக்குத் தலை சுத்துது. நீங்க ஒரு பேரு சொல்லுங்க டீச்சர், கண்ணை மூடிட்டு வாங்கிப் போட்டுடறேன்."

டீச்சர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, எங்க வீட்டு அடுப்படி ரொம்பப் பழசாயிருச்சு. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறீங்களா?"

"நான் கேட்டது..."

"பத்து மணிக்கு வாங்க" என்றார் டீச்சர்.

குழந்தைவேலு படியிறங்கும்போது அவருக்கு அழுகை வராத குறை.

பழைய வீடுகளின் குளியலறையையும் அடுப்படியையும் உடைத்துப் புதிதாக்கித் தருவது அவர் தொழில். மனைவி ருக்மணியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி கூட்டாளி. அவன் பதித்த டைல்ஸ் மேல் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அப்படிக் கை. வேலைக்கும் குறைவில்லை.

ஆனால் ஒரு வீடு முடிந்தால் நின்றது என்ன, போனது என்ன என்று இருவருக்கும் தெரியாது. இந்த வீட்டு அட்வான்ஸ் அந்த வீட்டுக் குழாயாக மாறும். அந்த வீட்டு சிமெண்ட் இந்த வீட்டுச் சுவரில் ஏறும்.

போன மாதம் ஈஸ்வரமூர்த்தி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்:

"மாமா, உங்க மேல சந்தேகமெல்லாம் இல்லீங்க. லாபமா நட்டமான்னே தெரியாத தொழில்ல எத்தனை நாளைக்கு இருக்கறது? நான் தனியாப் போயிக்கறேன்."

அன்றிலிருந்து ருக்மணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் புருசன், ஒரு பக்கம் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் கணவர் சிக்கந்தர். நல்ல உயரம். விரலெல்லாம் மஞ்சள்தூள்.

"வாங்கண்ணா" என்று உள்ளிருந்து வந்தார் டீச்சர். "இருக்கறதுலயே நல்ல அடுப்படி எதுவோ, அதைப் போட்டுருங்க."

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி ஒண்ணு கிடையாதுங்க டீச்சர்."

"ஏன், படம் போட்ட புத்தகமெல்லாம் வச்சிருப்பீங்களே?"

"அது கிடக்குதுங்க. இங்க யாரு சமைக்கறது?"

"இவருதான்."

"பாய், ஒரு டீ போடுங்க. நான் சும்மா நின்னு பார்க்கறேன்."

சிக்கந்தர் டீ போட்டார். பால் எடுக்க ஒரு மூலை. சர்க்கரைக்கு இன்னொரு மூலை. டீத்தூள் டப்பாவுக்காக அடுப்பைச் சுற்றி வளைந்து இடது கையை நீட்டினார்.

"இடது கைப் பழக்கமுங்களா?"

"ஆமாங்க."

"முதுகு வலிக்குமே?"

சிக்கந்தர் வடிகட்டியும் கையுமாகத் திரும்பினார். "உங்களுக்கு யாரு சொன்னது?"

"இந்தச் சமையல் மேடைதாங்க சொல்லுது. உங்க உயரத்துக்கு இது ரொம்பத் தாழ்வு. வேற யாரோ குட்டையானவங்களுக்குக் கட்டினது."

குழந்தைவேலுவின் கையில் அளவு நாடா வந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. சிக்கந்தரை நேராக நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்தார். ஜன்னலைத் திறந்து காற்று வரும் பக்கம் பார்த்தார். குனிந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டார்.

"பெரிய பாத்திரம் வைக்கறதுண்டுங்களா?" என்ற கேள்வி தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"நோன்பு மாசத்துல கஞ்சி காய்ச்சுவோம். தெருவுக்கே போகும்."

"அடடா! அப்படீன்னா கீழ தனியா ஒரு அடுப்பு வேணுமுங்க. அந்தப் பாத்திரத்தை மேடை மேல தூக்கி வச்சுத்தான் முதுகு போயிருக்கு."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற டீச்சர் கேட்டார்: "புத்தகத்தை எப்போண்ணா காட்டுவீங்க?"

"எல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறந்தாங்க. மொதல்லயே காட்டினா மனசு கலருக்குப் போயிரும். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம, எவனோ நல்லதுன்னு சொன்னான்னு வாங்கிப் போட்டா..."

பேச்சு பாதியில் நின்றது.

அவர் தொட்டிக்கு அடியிலிருந்து மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார். அன்றும் கூடவே எடுத்துவந்து அடுப்படி வாசலில் வைத்திருந்த துணிப்பையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் டீயை நீட்டினார். "சர்க்கரை போதுமாண்ணா?"

குழந்தைவேலு சிரிக்கத் தொடங்கினார். தரையில் உட்கார்ந்து, டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே சிக்கந்தரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியையும் மைத்துனனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ள, போறதப்பத்தி அப்புறம் பேசலாம். நம்ம தொழில்ல உனக்கு என்ன தெரிஞ்சாகணும்? அதை மட்டும் சொல்லு."

ஈஸ்வரமூர்த்தி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான்.

"வேலை பாதியில ஓடிட்டிருக்கும்போது வீட்டுக்காரங்க வந்து, இதையும் மாத்திருங்க, அதையும் சேர்த்திருங்கம்பாங்க. நானும் சரிம்பேன். கடைசியில நாமளும் மறந்துருவோம், அவங்களும் மறந்துருவாங்க. அங்கதான் மாமா ஓட்டை. அதைச் சொன்ன இடத்துலயே பதியோணும்."

"ருக்மணி, நீ சொல்லு."

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் ருக்மணி. உடனே சொன்னாள்: "ஏனுங்க, எல்லா வீட்டையும் ஒரே அண்டாவுல போட்டுக் கலக்கறீங்க. வீட்டுக்கு வீடு தனித்தனியா வச்சா என்ன?"

ஆண்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார்கள்.

அடுத்த வாரம் சாப்ட்வேர் விற்கிற ஒருவர் வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"அதை மூடி வைங்க தம்பி. மொதல்ல எங்ககூட வாங்க" என்று குழந்தைவேலு அவரை வேலை நடக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

பளபளப்பான ஷூவோடு அந்தத் தம்பி இடிந்த குளியலறையில் நின்றார். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, வந்ததே வந்தீங்க, வெளிய துணி துவைக்கற இடத்துல ஒரு குழாய் வச்சிருங்க. அந்தக் கல்லையும் மாத்திருங்க."

ஈஸ்வரமூர்த்தி மாமாவைப் பார்த்தான். மாமா அந்தத் தம்பியைப் பார்த்தார்.

"இப்ப இந்த அம்மா சொன்னது உங்க பொட்டிக்குள்ள எங்க போயி உக்காருமுங்க தம்பி?"

"மாசக் கடைசியில பில் போடும்போது சார்..."

குழந்தைவேலு அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இன்னொருவர் வந்தார். அவரையும் அதே தூசியில் நிற்க வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் லேப்டாப் பையை மூடினார்.

"சார், எங்களுது கடைக்காரங்களுக்காகப் பண்ணினது. உங்களுக்கு ஒத்துவராது." குரலைத் தாழ்த்தினார். "வேலைக்கு வேலை தனிக் கணக்கு வைக்கற மாதிரி ஒண்ணு இருக்குங்க. நடுவுல மாத்தச் சொன்னா அங்கயே போன்ல ஏத்தி, வீட்டுக்காரங்ககிட்ட சம்மதம் வாங்கிடலாம். வேற கம்பெனி. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவருக்கும் இளநீர். கூடவே சாப்பாடு.

அந்தச் சாப்ட்வேரை முதலில் காசு கட்டாமல் சோதனைக்கு வாங்கிப் போட்டு ஒரு வீட்டுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஓடிக்கொண்டிருந்த எல்லா வீடுகளுக்கும். ஒருநாள் மத்தியானம் மூன்று பேரும் போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"மாமா! இந்த வீட்டுல நட்டம்!" என்று ஈஸ்வரமூர்த்தி கத்தினான். பந்தயத்தில் ஜெயித்தவன் போல் கத்தினான்.

"எங்கடா, எங்கடா?"

"இங்க பாருங்க, பழைய இடிபாட்டை அள்ளிக் கொட்டுன வண்டி வாடகை! இத்தனை நாளா இதை நாம வீட்டுக்காரங்ககிட்ட கேட்டதே இல்ல. அடுத்த வீட்டுல நாம இதைச் சேர்த்துத்தான் ரேட்டு சொல்றோம்."

'நாம' என்ற அந்தச் சொல் ருக்மணியின் காதில் விழுந்தது. அவள் எழுந்து போய்த் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள்.

குழந்தைவேலு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மாடியேறினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் வாங்கியது டீச்சர் வருசக்கணக்காகச் சொல்லித் தரும் சாப்ட்வேர் இல்லை.

"வாங்கியாச்சாண்ணா?"

"வாங்கியாச்சுங்க."

"எது?"

தரையைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னார்.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "கேள்விப்பட்டதே இல்லையே."

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க..."

டீச்சர் சாக்பீஸை அவர் கையில் வைத்தார். மைசூர்பாகில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு முன்பெஞ்சுக்குப் போனார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று ஒரு மாணவியிடம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, நோட்டைத் திறந்தார்.